ரேமில் 4000, பிராசஸரில் 45: எந்த விகிதம் சரி?

கேள்வி: நான் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு வைத்திருக்கிறேன். இதுவரை இருந்த 3200 வேக ரேமை எடுத்துவிட்டு, பெட்டியில் ‘டிடிஆர்4-4000, சிஎல் 18-22-22-42’ என்று அச்சிட்ட 16 ஜிபி ரேம் இரண்டு வாங்கிப் போட்டேன். பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பை) ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜர் 4000 என்று காட்டியது. ஆனால் எடிட்டிங்கில் வேகம் கூடவில்லை. சில விளையாட்டுகளில் முன்பைவிடக் குறைந்தே போனது. நண்பர் ஒருவர் சொன்னபடி எஃப்-கிளாக்கை 2000 ஆக்கினேன், சிபியூ ரேஷியோவை 45 என்றும் கோர் வோல்டேஜை 1.4 என்றும் வைத்தேன். இப்போது ரெண்டர் ஓடும்போது கணினி சில சமயம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. ஹெட்போனில் விட்டுவிட்டுப் பொரியும் சத்தம் வருகிறது. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘டபிள்யூஹெச்இஏ-லாகர் 19’ என்ற எச்சரிக்கை வரிசையாக நிற்கிறது. ரேம் பழுதா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? பிராசஸருக்கும் ரேமுக்கும் சரியான விகிதம்தான் என்ன?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ரேமைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் ரேமைச் சுட்டவில்லை. பிராசஸருக்குள் இருக்கும் இணைப்புப் பாதையை அதன் திறனுக்கு மேல் ஓட்டுவதையே சுட்டுகின்றன. அதை விளக்குவதற்கு முன், இன்றே நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நிலையில் இருக்கும் கணினியில் கேமரா மெமரி கார்டுகளிலிருந்து எதையும் நகல் எடுக்காதீர்கள். ஏற்கெனவே நகல் எடுத்த கார்டுகளை அழிக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால் விண்டோஸ் எந்த எச்சரிக்கையும் தராது, கோப்பின் அளவும் மாறாது. மாதங்கள் கழித்துத் தாலி கட்டும் காட்சியில் படம் கட்டம் கட்டமாகச் சிதறும்போதுதான் தெரியவரும். கணினியைச் சரிசெய்த பிறகு, கார்டில் உள்ள கோப்பையும் டிஸ்க்கில் உள்ள நகலையும் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளை கொண்டு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே விடையைத் தந்தால் மட்டும் கார்டை அழியுங்கள். மறுபடி எடுக்க முடியாத படங்களைக் கையாளும் உங்கள் தொழிலில், சில நொடி வேகத்தைவிட இது பல மடங்கு முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி விகிதத்துக்கு வருகிறேன். உங்கள் பிராசஸரின் உள்ளே இரண்டு தனித்தனிச் சில்லுகள் இருக்கின்றன. ஒன்றில் ஆறு கோர்களும், அவற்றுக்குப் பக்கத்திலேயே 32 எம்பி எல்3 கேஷ் என்ற உடனடி நினைவகமும் உள்ளன. மற்றொன்றில் ரேமை ஆளும் மெமரி கண்ட்ரோலரும் பிற இணைப்புகளும் உள்ளன. இரண்டையும் சேர்க்கும் பாதைக்கு ஏஎம்டி வைத்த பெயர் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக். ஆகவே ரேமிலிருந்து கோருக்கு ஒரு தரவு வந்து சேர மூன்று கடிகாரங்களைக் கடக்க வேண்டும்: ரேமின் கடிகாரமான எம்-கிளாக், மெமரி கண்ட்ரோலரின் கடிகாரமான யூ-கிளாக், இணைப்புப் பாதையின் கடிகாரமான எஃப்-கிளாக். கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றும்போது எல்லோரும் ஒரே தாளத்தில் வாங்கிக் கொடுத்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் தாளம் மாறினால் ஒவ்வொரு கல்லுக்கும் அடுத்தவர் கை நீட்டிக் காத்திருப்பார். இந்த மூன்று கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதைத்தான் 1:1:1 என்கிறோம். ரைசன் 3000, 5000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு நீங்கள் தேட வேண்டிய விகிதம் இதுதான்.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டிடிஆர் ரேம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவை மாற்றுவதால், பெட்டியில் உள்ள எண்ணில் பாதிதான் உண்மையான மெகாஹெர்ட்ஸ். 3200 ரேமின் எம்-கிளாக் 1600. 3600 ரேமுக்கு 1800. உங்கள் 4000 ரேமுக்கு 2000. நீங்கள் எக்ஸ்எம்பியை மட்டும் ஆன் செய்தபோது நடந்தது என்னவென்றால், 3600-ஐத் தாண்டியதும் மதர்போர்டு தானாகவே 1:2 நிலைக்கு மாறி, யூ-கிளாக்கை எம்-கிளாக்கில் பாதியாக, அதாவது 1000 ஆகக் குறைத்துவிட்டது. பழைய 3200 ரேமில் மெமரி கண்ட்ரோலர் 1600-இல் ஓடிக்கொண்டிருந்தது. விலை அதிகமான புதிய ரேமில் அது 1000-க்கு இறங்கிவிட்டது. அதனால் ரேமை எட்டும் தாமதம் பல நானோ விநாடிகள் கூடியது. அடிக்கடி சிறுசிறு துண்டுகளாக ரேமைத் தொடும் விளையாட்டுகள் அந்தத் தாமதத்தை உடனே காட்டிக்கொடுத்தன. டாஸ்க் மேனேஜர் காட்டிய 4000 பொய் அல்ல. ஆனால் அது மூன்று கடிகாரங்களில் ஒன்றை மட்டுமே சொல்கிறது.

தாமதம் போகட்டும், ஒரு விநாடிக்குக் கடத்தும் தரவின் அளவாவது கூடியிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் கூடியிருக்காது. இரண்டு சேனலில் ஓடும் 4000 ரேம் விநாடிக்கு 64 ஜிபி தரவல்லது. ஆனால் கோர்கள் இருக்கும் சில்லுக்குள் படிப்பதற்கான பாதை ஒரு துடிப்புக்கு 32 பைட் மட்டுமே கொண்டுவரும். எஃப்-கிளாக் 1800 என்றால் அது விநாடிக்கு 57.6 ஜிபி, 3600 ரேம் இரண்டு சேனலில் தரும் அளவும் துல்லியமாக 57.6 ஜிபிதான். எழுதுவதற்கான பாதை இதில் பாதி அகலமே கொண்டது. ஆகவே எஃப்-கிளாக் உயராமல் ரேமை மட்டும் உயர்த்தினால் மிஞ்சும் தரவு நுழைவதற்கு வழியே இல்லை. 3600 என்ற எண் இந்தப் பிராசஸர்களோடு சேர்த்து ஓயாமல் பேசப்படுவதற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான்.

அப்படியானால் எஃப்-கிளாக்கை 2000 ஆக்கி மூன்றையும் சமமாக்கலாமே என்பது உங்கள் நண்பரின் எண்ணம். கணக்கு சரிதான், ஆனால் உங்கள் பிராசஸரின் சில்லு அதற்கு ஒத்துழைக்கவில்லை. 5600 போன்ற இரு சில்லுப் பிராசஸர்களில் எஃப்-கிளாக் 1800-ஐப் பெரும்பாலானவை எட்டும். 1900 சிலவற்றுக்கு மட்டும் வாய்க்கும். பிழையே இல்லாமல் 2000-இல் ஓடுவது அரிது. நண்பருக்கு இந்த எண் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பெயரில் ஓர் எழுத்து மட்டுமே கூடுதலாக உள்ள 5600ஜி பிராசஸர் ஒரே சில்லாகச் செய்யப்பட்டது; அதில் 2000 என்பது எட்டக்கூடிய வேகம்தான். டிடிஆர்5 ரேம் போடும் ரைசன் 7000 வரிசையிலும் 2000 என்பது சாதாரணமான எஃப்-கிளாக் அளவு. அங்கே 6000 ரேமுக்கு யூ-கிளாக்கும் எம்-கிளாக்கும் 3000-இல் சமமாக இருக்க, எஃப்-கிளாக் மட்டும் தனியாக 2000-இல் ஓடுவதை ஏஎம்டியே பரிந்துரைக்கிறது. ஒரு தலைமுறையின் அறிவுரையை இன்னொரு தலைமுறையின் பயாஸில் அப்படியே பதிவதால் வரும் தொல்லைகள் மிக அதிகம். இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்து கியர் 1, கியர் 2 என்று இதே சிக்கல் வேறு பெயரில் இருக்கிறது. அதன் எண்களையும் இங்கே கொண்டுவர வேண்டாம்.

நீங்கள் காணும் 19 என்ற எண், திருத்தப்பட்ட வன்பொருள் பிழையைக் குறிக்கிறது. அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள். பிழையின் வகை பஸ் அல்லது இன்டர்கனெக்ட் என்று இருந்தால், இணைப்புப் பாதையில் தரவு தவறி, பிறகு திருத்தி அனுப்பப்பட்டது என்று பொருள். உங்கள் ஹெட்போன் பொரிவதும் இதே பாதையின் தடுமாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் யுஎஸ்பியும் ஒலியும் அதே வழியாகத்தான் கோர்களுக்கு வந்து சேர்கின்றன. இதற்கு மாறாக 18 என்ற எண் தென்பட்டால் அது திருத்த முடியாத பிழை. கோர்களின் வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை என்பதற்கான அறிகுறியாகவே அது பெரும்பாலும் வரும். உங்களுக்கு ரீஸ்டார்ட்டும் ஆவதால், 19-களுக்கு நடுவே 18 ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சிபியூ ரேஷியோவைப் பற்றி என் கருத்து உறுதியானது: அதை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். ரேஷியோ என்பது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கும் எண். 45 என்றால் எல்லாக் கோர்களும் எந்நேரமும் 4.5 கிகாஹெர்ட்ஸ். உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி குறிப்பிடும் அடிப்படை வேகம் 3.5, உச்ச வேகம் 4.4. ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது உச்சத்துக்கு ஏறி, ஆறும் வேலை செய்யும்போது வெப்பத்தையும் மின்சாரத்தையும் பார்த்துத் தானாகவே இறங்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ரேஷியோவைக் கையால் பூட்டினால் அந்தக் காவல் பெரும்பாலும் விலகிவிடுகிறது. 65 வாட் ரகத்தைச் சேர்ந்த ஒரு பிராசஸரை, மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும் அறையில், 1.4 வோல்ட்டில் நிலையாகக் காய்ச்சுவது அதன் ஆயுளைக் குறைக்கும். கூடுதல் வேகம் வேண்டுமானால் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற வசதி இருக்கிறது. ஆனால் ரேம் நிலைபெற்ற பிறகுதான் அதைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் பிழை எதனால் வந்தது என்று பிரித்தறியவே முடியாது. அடிப்படைக் கடிகாரமான 100-ஐ மட்டும் ஒருபோதும் தொட வேண்டாம். கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் தொங்கும் பிசிஐ கடிகாரமும் அதோடு சேர்ந்து நகரும்.

இனி செய்முறை. பயாஸுக்குள் நுழைந்ததும் இப்போதுள்ள பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்’ கொடுத்து, சேமித்து, வெளியேறுங்கள். இந்த இயல்பு நிலையில் ரேம் 2133 போன்ற ஒரு வேகத்தில் மெதுவாக ஓடும். கவலைப்படாமல் அதே நிலையில் மெம்டெஸ்ட்86 கருவியைப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் வரை ஓடும். 32 ஜிபிக்கு அதற்குப் பல மணி நேரம் ஆகும். இங்கேயே பிழை வந்தால்தான் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு ரேமையும் தனியாக, பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதித்து, பிழை காட்டுவதைக் கண்டறிந்து வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள். பிழை இல்லையென்றால் உங்கள் ரேம் நல்ல ரேம். இரண்டையும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டிருக்கிறீர்களா என்பதையும் அப்படியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலான பி550 போர்டுகள் அந்த இரண்டு ஸ்லாட்டுகளை முதன்மையாக வைத்தே வடிவமைக்கப்பட்டவை.

அடுத்ததாக எக்ஸ்எம்பியை மீண்டும் ஆன் செய்யுங்கள். ஏசஸ் போர்டில் அது டிஓசிபி என்றும், எம்எஸ்ஐ போர்டில் ஏ-எக்ஸ்எம்பி என்றும் இருக்கும். அது டைமிங்குகளையும் (18-22-22-42 என்ற காத்திருப்பு எண்களையும்) ரேம் வோல்டேஜையும் நிரப்பிவிடும். அவற்றை அப்படியே விட்டு, மெமரி ஃப்ரீக்வென்சியை மட்டும் 4000-இலிருந்து 3600-க்கு இறக்குங்கள். எஃப்-கிளாக்கை ஆட்டோவில் விடாமல் 1800 என்று எழுதுங்கள். யூ-கிளாக் என்ற பகுதியில், அது மெமரி கிளாக்குக்குச் சமம் என்று காட்டும் தேர்வை எடுங்கள். மெமரி கண்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும், சிபியூவின் எஸ்ஓசி வோல்டேஜைப் பாருங்கள்: எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் சில போர்டுகள் அதைத் தேவைக்கு மேல் உயர்த்திவிடும். 1800-க்கு 1.1 வோல்ட் போதும் என்பதால் அதையே எழுதிவிடுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். சேமித்து வெளியேறியதும் திரை சற்று நேரம் இருண்டிருக்கும், இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எரியவும் கூடும். போர்டு புதிய வேகத்துக்கு ரேமைப் பழக்கும் நேரம் அது. பதறிப்போய்ப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

விண்டோஸுக்குள் வந்ததும் ஜென்டைமிங்ஸ் என்ற சிறிய இலவசக் கருவியைத் திறந்தால் எம்-கிளாக், எஃப்-கிளாக், யூ-கிளாக் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். மூன்றிலும் 1800 இருக்க வேண்டும். சிபியூ-இசட் கருவியின் மெமரி பக்கத்தில் ‘எஃப்எஸ்பி:டிராம்’ என்ற வரி 3:54 என்று காட்டும். விகிதம் கெட்டுவிட்டது என்று அதைப் பார்த்துப் பலர் அஞ்சுகிறார்கள். பிராசஸருக்கும் சிப்செட்டுக்கும் நடுவே ஃபிரண்ட் சைடு பஸ் இருந்த காலத்தின் வரி அது. 266 மெகாஹெர்ட்ஸை 9-ஆல் பெருக்கி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய கோர் 2 டுவோ இ6600-க்கு, டிடிஆர்2-533 ரேம் போட்டால் அங்கே 1:1 என்று வரும், 800 போட்டால் 2:3 என்று வரும். அன்று அந்த வரிக்கு மதிப்பு இருந்தது. இன்று அது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தையும் 1800-ஐயும் ஒப்பிட்டுக் காட்டுவதோடு சரி, உங்கள் முடிவுக்கு உதவாது.

3600-க்கு இறங்குவதால் வாங்கிய பணம் வீண் என்று நினைக்க வேண்டாம், ஏனெனில் 4000-க்குத் தேறிய ரேம் 3600-இல் இன்னும் இறுக்கமான டைமிங்கைத் தாங்கும். சிஎல் என்பது, கேட்ட தரவை ரேம் தரத் தொடங்கும்வரை கழியும் துடிப்புகளின் எண்ணிக்கையே தவிர நேரம் அன்று. அதை எம்-கிளாக்கால் வகுத்தால்தான் நேரம் கிடைக்கும். 4000-இல் சிஎல் 18 என்பது 9 நானோ விநாடி. அதே 18-ஐ 3600-இல் வைத்தால் 10 நானோ விநாடி ஆகிவிடும். 16 வைத்தால் ஏறத்தாழ 8.9. மற்ற எண்களையும் இப்படியே பத்தில் ஒன்பது பங்காக்கினால் 22 என்பது 19.8 ஆகிறது, 42 என்பது 37.8 ஆகிறது. ஆகவே உங்கள் இலக்கு 3600-இல் 16-20-20-38. இதை முதல் நாளே எழுதாமல், 18-22-22-42-இல் சோதனைகள் எல்லாம் தேறிய பிறகு எழுதுங்கள். சிஎல் 17-ஐ முயல வேண்டாம். பயாஸில் கியர் டவுன் மோட் என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால் அது ஒற்றைப்படை எண்ணை அடுத்த இரட்டைப்படைக்கு ஏற்றிவிடும், நீங்கள் 17 எழுதியும் 18-தான் ஓடும். டிஆர்எஃப்சி போன்ற துணை டைமிங்குகளை இப்போதைக்கு ஆட்டோவிலேயே விடலாம். அவற்றைத் திருத்திக் கிடைக்கும் பலன் விளையாட்டுகளில் தெரியலாம், உங்கள் வேலையில் தெரியாது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சோதனையை மறுபடி முழுமையாகச் செய்ய வேண்டும். முதலில் மெம்டெஸ்ட்86-இன் நான்கு சுற்றுகள். அதில் பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விடக்கூடிய இடம் இதுவன்று. அது தேறியதும், விண்டோஸில் வொய்-குரஞ்சர் அல்லது ஓசிசிடி கொண்டு பிராசஸரையும் ரேமையும் சேர்த்துச் சில மணி நேரம் வருத்துங்கள், ஏனெனில் ரேம் மட்டும் வேலை செய்யும் சோதனையில் இணைப்புப் பாதையின் குறை சில சமயம் வெளிப்படாது. கடைசியாக, உங்கள் கனமான ப்ராஜெக்ட் ஒன்றின் நகலை ரெண்டர் செய்துவிட்டு ஈவென்ட் வியூவரைத் திறங்கள். அங்கே புதிதாக ஒரு 19-கூட இருக்கக் கூடாது. இந்தச் சோதனைகளில் ஒன்றையாவது கோடை மதியத்தில் செய்யுங்கள். குளிர்ந்த இரவில் தேறிய ரேம், கேபினெட் சூடேறிய பகலில் தவறலாம்.

16-20-20-38 தேறாவிட்டால் 18-22-22-42-க்கே திரும்புங்கள். அதுவும் 1800-இல் தேறாவிட்டால் ரேமை 3466-க்கும் எஃப்-கிளாக்கை 1733-க்கும் சேர்த்தே இறக்குங்கள். அப்போதும் இல்லையென்றால் 3200, 1600. உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிப்பதே 3200 வரைதான் என்பதால், அதில் நிற்பது தோல்வி அன்று. திரையே வராமல் போர்டில் டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கையேட்டில் காட்டியபடி கிளியர் சிமாஸ் ஜம்பரைச் சில விநாடிகள் இணைத்து எடுங்கள். இயல்பு நிலை திரும்பிவிடும். பின்னாளில் இன்னும் இரண்டு ரேம் வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் எண்ணம் இருந்தால், அதிகாரபூர்வ வேகம் ரேமின் அமைப்பைப் பொறுத்து 2933 அல்லது 2667-க்கு இறங்கும் என்பதையும், இன்று தேறிய எண்கள் அன்று செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எவ்வளவு வேகம் கூடும் என்பதையும் நேராகவே சொல்கிறேன். விளையாட்டுகளில் நீங்கள் இழந்தது திரும்பும், பழைய 3200-ஐவிடச் சற்று மேம்படவும் செய்யும். வீடியோ எக்ஸ்போர்ட் நேரத்தை முடிவுசெய்வது கோர்களும் கிராபிக்ஸ் கார்டின் என்கோடரும்தான். 3200-க்கும் 3600-க்கும் உள்ள வேறுபாடு அங்கே பெரிதாகத் தெரியாது. உங்கள் வேலைக்கு உண்மையில் உதவுவது வேகத்தைவிட, 32 ஜிபி என்ற அளவுதான். அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ரேமையோ பிராசஸரையோ ஓட்டினால் பிராசஸரின் வாரண்டி செல்லாது என்று ஏஎம்டி தன் நிபந்தனைகளில் சொல்கிறது; எக்ஸ்எம்பி மூலம் 3600 வைப்பதும் அதில் அடங்கும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

எல்லாம் தேறிய பிறகு அந்த அமைப்பைப் பயாஸிலேயே ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்து, எண்களைத் தாளிலும் எழுதிக் கேபினெட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பயாஸை அப்டேட் செய்தால் அமைப்புகள் இயல்பு நிலைக்குப் போய்விடும். சேமித்த ப்ரொஃபைலும் பல போர்டுகளில் அழிந்துவிடும் என்பதால், அப்போது தாளில் இருப்பவற்றைப் பார்த்து மறுபடி எழுதி, மெம்டெஸ்ட்86-ஐ இன்னொரு முறை ஓடவிட வேண்டும். அந்த அப்டேட்டை யுபிஎஸ் இணைப்பில் மட்டும் செய்யுங்கள்.